நாற்பது பலாக்கன்றும் ராஜ விருந்தாளிகளும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஓர் ஆசை இன்னோர் ஆசையின் தலையில் போய் விழுமே என்று மட்டும் யோசிக்கமாட்டார்.

அவருக்குப் பலாப்பழம் என்றால் உயிர். மலைநாட்டிலிருந்து நாற்பது பலாக்கன்றுகளை வரவழைத்து, அரண்மனைக்குப் பின்னால் காட்டை ஒட்டிய தோட்டத்தில் நடச்செய்தார். நட்ட மறுவாரம் ஒரு புள்ளிமான் குட்டி அவர் கையிலிருந்து புல் வாங்கித் தின்றது. ராஜா உருகிப்போனார். அன்றைக்கே ஆணை பிறந்தது: இந்நாட்டு மான்கள் எல்லாம் ராஜ விருந்தாளிகள். அவற்றைத் தடுத்து வேலி போடக்கூடாது, முள் வைக்கக்கூடாது, நாயை ஏவக்கூடாது, கம்பை ஓங்கக்கூடாது, சத்தம் போட்டு விரட்டக்கூடாது.

பலாத்தழை என்றால் ஆடே விடாது, மான் விடுமா? பொழுது சாயும் நேரத்திலும் விடிகிற நேரத்திலும் விருந்தாளிகள் கூட்டமாக வந்தார்கள். கொழுந்தாகப் பார்த்து இழுத்துத் தின்றார்கள். தோட்டக்காரன் சடையன் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றான். வேறென்ன செய்வான்? அவன் "சூ" என்று சொன்னால்கூட அது ராஜத் துரோகம்.

ஒரு நாள் ராஜா தோட்டத்துப் பக்கம் வந்தார். கன்றுகள் கோவணம் கட்டிய பண்டாரங்களாய் நின்றன. அவருக்கு வந்ததே கோபம். மறுநாள் சடையனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"சடையா, அடுத்த பௌர்ணமிவரை உனக்குத் தவணை. அதற்குள் என் கன்றுகளில் இன்னும் ஒரு கொழுந்து குறைந்தாலும் நீ குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்" என்றார் ராஜா.

"ராசா, கன்னைச் சுத்தி நாலு முள்ளு வச்சுக் கட்டுனா போதுங்க. ஆள் உசரம் தாண்டிட்டா அப்புறம் மானுக்கு எட்டாதுங்க."

"முள்ளா? என் விருந்தாளிகளின் முகத்தில் முள்ளா?"

சடையன் கும்பிட்டுப் பின்வாங்கினான். வீட்டில் அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். அவளை எந்த ஊருக்கு, எந்த வண்டியில் கூட்டிப்போவது?

சபையில் விகடகவி அம்பலத்தாடி உட்கார்ந்திருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் தொழில். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. சடையனுக்கு நடந்த அநியாயம் பொறுக்கவில்லை. அதையும் அவனுக்குத் தெரிந்த விதமாகத்தான் காட்டினான். தொண்டையைப் பலமாகக் கனைத்தான்.

பிரதானி திரியம்பகர் உடனே பிடித்துக்கொண்டார். அம்பலத்தாடியைச் சபையைவிட்டு ஒழித்துக்கட்ட அவர் மூன்று வருஷமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர். "மகாராஜா, விகடகவிக்கு ஏதோ யோசனை இருக்கிறதுபோல் தெரிகிறது. கன்றுகளைக் காக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாமே. தவறினால் தோட்டக்காரனோடு அவரும் ஒரே வண்டியில் ஏறட்டும். வழியில் பேச்சுத்துணைக்கு ஆகும்."

சபை சிரித்தது. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அம்பலத்தாடி எழுந்து கும்பிட்டான். "உத்தரவு, பிரபு. வேலி போடமாட்டேன், விரட்டமாட்டேன். தங்கள் ஆணையை அட்சரம் பிசகாமல் நடத்துவேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மான்கள் ராஜ விருந்தாளிகள் என்பது நிச்சயம்தானே?"

"சந்தேகம் என்ன?"

"அப்படியானால் ராஜ விருந்தாளிக்கு உரிய மரியாதை அவற்றுக்குக் கிடைக்கவேண்டும் அல்லவா?"

"கட்டாயம் கிடைக்கவேண்டும்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜ விருந்தாளி தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. ஓர் இலைக்கு ஓர் அதிகாரி என்று முழு உடுப்பில், தலைப்பாகை கட்டி, இடுப்பில் பிச்சுவாக் கத்தி செருகி, மார்பில் சந்தனமும் ஜவ்வாதும் பூசிப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்கவேண்டும். ஒருமுறை அண்டைநாட்டுத் தூதர் ஒருவரை யாரும் கவனிக்காமல் விட்டதற்காக, ராஜா பாதி சபையை ஒரு நாள் பட்டினி போட்டவர்.

"நாற்பது கன்று, நாற்பது இலை என்று வைத்துக்கொள்வோம்" என்றான் அம்பலத்தாடி. "சபையிலும் நாற்பது அதிகாரிகள் இருக்கிறார்கள். இன்று மாலையே உபசாரம் தொடங்கலாம். முதல் கன்று பிரதானி அவர்களுக்கு."

திரியம்பகர் முகத்தில் ஈயாடவில்லை. மறுத்தால் ராஜ விருந்தாளியை அவமதித்ததாகும்.

சாயங்காலம் நாற்பது பேரும் கன்றுக்கு ஒருவராக நின்றார்கள். ஜவ்வாது வாசனை காட்டுக்குள் கால் காதம் போயிருக்கும். மான் கூட்டம் காட்டோரம் வரை வந்தது. முன்னால் வந்த கிழட்டுப் பெண்மான் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது, முன்னங்காலால் தரையைத் தட்டியது, வாலை நிமிர்த்தியது. அடுத்த கணம் ஒரு மானும் அங்கே இல்லை.

"யாரும் விரட்டவில்லையே?" என்று அம்பலத்தாடி சத்தமாகக் கேட்டான். "நல்லது. கூப்பிடுங்கள் ஐயா, மெதுவாகக் கூப்பிடுங்கள். வாருங்கள், சாப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள் என்று சொல்லவேண்டும். பிரதானி அவர்களே, கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கலாமே. விருந்தாளி முகத்தைப் பார்த்துத்தானே இலையில் உட்காருவார்?"

விடியற்காலையும் அதே கதை. பனியில் தலைப்பாகைகள் நனைந்து தொங்கின. நாட்டின் நிதியும் நீதியும் படையும் வரிசையாக நின்று கொசு அடித்துக்கொண்டு, ஆளில்லாத காட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சின. பத்து நாளில் கன்றுகள் துளிர்த்துவிட்டன. அதிகாரிகள்தான் வாடிப்போனார்கள்.

ராஜா ஒரு மாலை பார்க்க வந்தார். "ஏன் அம்பலத்தாடி, இத்தனை உபசாரம் செய்தும் என் விருந்தாளிகள் வரவில்லையே?"

"மான்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பிரபு. இந்த நாற்பது பேரும் நிற்கிற இடத்துக்கு நம் நாட்டுக் குடியானவனும் கூப்பிட்டால்கூட வருவதில்லை."

ராஜா சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். ஆனால் அரண்மனை வாசல்வரைகூட அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை என்று பல்லக்குத் தூக்கிகள் சொன்னார்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் வந்தது. உச்சிவெயிலில் மான்கள் காட்டு நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதிகாரிகள் சாப்பிட்டுவிட்டு வீட்டில் உருண்டார்கள். சடையன் கிணற்றடிக்குப் போயிருந்தான். அன்று மாலை அவன் மூச்சு வாங்க விகடகவி வீட்டுக்கு ஓடிவந்தான்.

"சாமி, மோசம் போயிட்டம். மூணு கன்னுல கொழுந்தே இல்லீங்க. நான் அவகிட்ட மூட்டை கட்டச் சொல்லிட்டேன்."

"அவளை உட்காரச் சொல், சடையா. மூட்டையும் அப்படியே இருக்கட்டும். முதலில் கன்றைப் பார்ப்போம்."

அவர்கள் போவதற்குள் திரியம்பகர் ராஜாவையே தோட்டத்துக்கு அழைத்துவந்துவிட்டார். சபை முழுக்கப் பின்னால் நின்றது. "பாருங்கள் மகாராஜா, பட்டப்பகலில் மான் தின்றிருக்கிறது. விகடகவிக்கு வண்டி பூட்டச் சொல்லலாமா?"

அம்பலத்தாடி கீழே குனிந்து மொட்டைக் காம்பைத் தடவிப்பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு மூன்று வாரமாக வராத சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "சடையா, மானுக்குப் பல் எப்படி இருக்கும்? ராஜாவிடம் சொல்."

"மாடு ஆடு மாதிரிதாங்க. மேல்வாயில முன்பல்லே கிடையாது. கடிச்சு வெட்ட முடியாது, பிடிச்சு இழுத்துத்தான் பிய்க்கும். அது தின்ன காம்பு நார் நாரா இருக்கும்."

"இந்தக் காம்பு?"

சடையன் உற்றுப் பார்த்தான். "வெத்தலைக் காம்பு அரிஞ்ச மாதிரி இருக்குதுங்க."

"ஆக, பிரபு, இது பல்லால் தின்ற மான் அல்ல. கத்தியால் தின்ற மான்" என்றான் அம்பலத்தாடி. "மான் கத்திக்கு எங்கே போகும்? நம் அதிகாரிகள் யாரிடமாவது இரவல் வாங்கியிருக்கும். எல்லோரும் தங்கள் பிச்சுவாவை உருவிக் காட்டினால் கண்டுபிடித்துவிடலாம்."

ராஜா தலையசைத்தார். முப்பத்தொன்பது பிச்சுவாக்கள் சரக்கென்று உறையைவிட்டு வெளியே வந்தன. திரியம்பகருடையது வரவில்லை. ஒரு கையால் இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார். கத்தி வருவதாக இல்லை. உறை வந்தது, கச்சை வந்தது, கச்சையை நம்பிக்கொண்டிருந்த பட்டு வேட்டியும் இளகத் தொடங்கியது. அதைப் பிடிக்கக் குனிந்தபோது தலைப்பாகை கீழே விழுந்தது.

சடையன் பாவம், உதவத்தான் நினைத்தான். "அது பலாப்பாலுங்க பிரதானி ஐயா. வெட்டுன கையோட துடைக்காம உறையில போட்டா இப்படித்தான் ஒட்டிக்கும். நல்லெண்ணெய் விடாம வராதுங்க."

ராஜாவின் முகம் சிவந்தது. அரண்மனையே பயந்த அந்தச் சமயத்தில் அவர் திரியம்பகரின் இடுப்பைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அம்பலத்தாடி, நீ ஜெயித்தாய். என்ன வேண்டும், கேள்."

"நாற்பது கன்றுக்கும் முள் கட்ட உத்தரவு வேண்டும், பிரபு. இவன் முதல் நாளே கேட்டதுதான். கன்று ஆள் உயரம் தாண்டியதும் அவிழ்த்துவிடலாம். விருந்தாளிகளுக்குக் காடு நிறையத் தழை இருக்கிறது. நாற்பது அதிகாரிகளுக்கும் வேறு வேலை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்."

"இவ்வளவு எளிய காரியத்துக்கா இத்தனை கூத்து? முள்கூட வைக்கக்கூடாது என்று அறிவில்லாமல் ஆணை போட்டவன் யார்?" என்று ராஜா அதட்டினார்.

அம்பலத்தாடி வானத்தைப் பார்த்தான். முப்பத்தொன்பது பேரும் வானத்தைப் பார்த்தார்கள். திரியம்பகர் மட்டும் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராஜாவுக்கு உறைத்தது. உறைத்ததும், முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். தோளில் இருந்த சரிகைச் சால்வையை அம்பலத்தாடிக்குப் போர்த்தினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையன் மனைவிக்கென்று கொடுத்தார். முள் வெட்டிச் சுமக்கும் வேலையைப் பிரதானிக்கே கொடுத்து, நாற்பது கன்றும் முடிகிறவரை சபைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார்.

ராஜா மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிடவேண்டும் என்பது சடையனுக்குத் தெரியும். அவர் சிரித்து ஓய்வதற்குள் அவன் அரிவாளோடு காட்டோரம் போய்ச் சேர்ந்திருந்தான். முதல் கட்டு இலந்தை முள்ளை வெட்டி, பின்னாலேயே வந்த பிரதானியின் தலையில் பதனமாகத் தூக்கி வைத்தான்.

"சும்மாடு வச்சுக்கங்க ஐயா, குத்தும்" என்றான்.