பச்சைக் குறி விழாத பாடம்

நாகர்கோவிலில் நர்சுகளுக்கு ஆன்லைன் பாடங்கள் செய்து தரும் சின்னக் கூடம் ஒன்று இருந்தது. குரு ஹில்டாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் சவரிமுத்துவோ கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அந்தக் கூடத்துப் பாடம் எதுவானாலும், அதை ஓட்டும் இணையதளத்தோடு பொது விதிப்படிதான் பேச வேண்டும். படிப்பவர் எங்கே நிறுத்தினார், முடித்தாரா, எவ்வளவு மார்க் என்று பாடம் சொல்லும். எந்தத் தளமானாலும் அதைப் புரிந்துகொண்டு, முடித்தவருக்குப் பச்சைக் குறி போடும்.

சவரிமுத்துவுக்கு இது சுற்றுவழியாகப் பட்டது. டயாலிசிஸ் பாடத்தில் பொது விதியை எடுத்துவிட்டு, பெரிய தளம் ஒன்றுக்கு மட்டும் புரியும் கட்டளையை நுழைத்தார். அந்தத் தளத்தில் போட்டுப் பார்த்தார். பச்சைக் குறி பளிச்சென்று விழுந்தது. வேறெங்கும் அவர் போட்டுப் பார்க்கவில்லை.

அதில் மகிழ்ந்து பெரிய தளத்தின் முதலாளி தேவசகாயம் நேரிலேயே வந்துவிட்டார். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சவரிமுத்து தைரியமாகக் கேட்டார்.

"பெரிய இடத்துக்குச் சரியா இருந்தா போதாதா டீச்சர்? ஊர்ல இருக்கிற தளத்துக்கெல்லாம் நாம ஏன் வளையணும்?"

அடித்துக்கொண்டிருந்த போனை ஹில்டா எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"சார், வால்பாறையிலேர்ந்து பிரிஸில்லா பேசுறேன். டயாலிசிஸ் பாடத்தை முடிச்சிட்டேன். எங்க ஆஸ்பத்திரி தளத்துல முடிக்கலைன்னே காட்டுது. பச்சைக் குறி இல்லாம திங்கட்கிழமை வேலையில சேர்க்க மாட்டாங்களாம். நான் பொய் சொல்றேன்னு மேட்ரன் திட்டுறாங்க."

பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. "இருடி தங்கம், அம்மா பேசுறேன்ல..."

"அந்தம்மாவை நம்ம தளத்துக்கு வரச் சொல்லுங்க சார்!" தேவசகாயம் சிரித்தார்.

சவரிமுத்து தொண்டையைக் கனைத்தார். "நீங்க பெரிய தளத்துல படிச்சிருக்கலாமேம்மா."

"ஆஸ்பத்திரி சொல்ற தளத்துலதானே சார் படிக்க முடியும்? பாடம் உங்களுதுதானே?"

சவரிமுத்து போனை அணைக்காமல் மேசைமேல் வைத்தார்.

ஹில்டா திரையில் அவருடைய கட்டளையைத் தேடி எடுத்தாள். இருவரும் பார்க்க, அழித்தாள்.

தேவசகாயம் டம்ளரை நங்கென்று வைத்தார். "அதை எடுத்தா உங்க பாடம் ஒண்ணுகூட என் தளத்துல ஏறாது."

"ஏறும். பொது விதி உங்க தளத்துக்கும் தெரியும். உங்களுக்குத்தான் பிடிக்கலை."

அவர் விருட்டென்று எழுந்து போனார்.

சவரிமுத்து வாசலை எட்டிப் பார்த்தார். "பெரிய ஆளு டீச்சர். கூடத்தையே மூட வெச்சிடுவார்."

ஹில்டா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பாடத்தை முடிச்சவ போன்ல நிக்கிறா, சார். அவ முடிச்சிட்டாங்கிறதை எந்தத் தளத்துலயும் சொல்ற மாதிரி எழுதுங்க."