வெள்ளைக்குட்டி வழக்கும் சொரிமுத்து அண்ணாச்சி விளக்கமும்

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லாத நேரத்தில்தான் கூட்டம் அதிகம். அன்றைக்குக் காலையில் அவர் பக்கத்து ஊரில் ஒரு எருமைக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். நான் என் நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு வந்து பூவரசு நிழலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சொரிமுத்து அண்ணாச்சி. அவர் கக்கத்தில் ஒரு மொட்டைச் சேவல்; அதன் கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை. அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அவருடைய நாக்குக்கு அந்தக் குறை கிடையாது. அது போகாத ஊர் இல்லை.

எதிரே சண்டை நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் ஒரு கறுப்பு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் காலடியில் ஒரு கறுப்புக் கிடாக்குட்டி. திண்ணையில் உட்கார்ந்திருந்த குருசுமுத்துவிடம் வெள்ளையில் செம்புள்ளி போட்ட ஆடும் அதே மாதிரி புள்ளிக்குட்டியும். பிரச்சினை அவர் மடியில் இருந்தது. பால்போல வெள்ளையாக ஒரு பெட்டைக்குட்டி.

முந்தின நாள் மேய்ச்சலில், இரண்டு ஆடும் ஒரே உடைமரத்தடியில் ஈன்றுவிட்டன. ஆள் போய்ச் சேர்ந்தபோது இந்த வெள்ளைக்குட்டி இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. முதலில் போனவர் குருசுமுத்து. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கறுப்பு ஆட்டுக்கு வெள்ளைக்குட்டி எங்கேருந்து வரும்? குட்டிக்குத் தாய்ச்சாடை கொஞ்சமாவது இருக்கா?" என்றார்.

"என் ஆட்டு வயித்தைப் பாத்துட்டு ஊரே ரெட்டைன்னு சொல்லிச்சு. ஒண்ணுதான் என் கைக்கு வந்திருக்கு. அதுவும் கிடா." தங்கபுஷ்பத்தின் குரல் உடைந்தது. அவளிடம் இருப்பது அந்த ஒரு ஆடுதான். பெட்டைக்குட்டி என்றால் நாளைக்கு இன்னொரு ஆடு. "உங்க ஆடுன்னா அது ஏன் குட்டியைக் கிட்ட சேக்காம உதைக்கி?"

"அது குட்டியைச் சேத்துக்கிட ஊசி போடத்தானே வந்திருக்கேன்!"

சொரிமுத்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரிந்துவிட்டது. என் நாய்க்கும் தெரிந்துவிட்டது போல. எழுந்து தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது.

"வே குருசு, சாடையை வச்சா தாய் யாருன்னு சொல்லுதீரு? என்னைப் பாரும். எங்க ஐயாவைத் தெரியும்லா? பனைமரத்துல ஏறாம கீழே நின்னுக்கிட்டே கலயத்தைக் கழட்டுவாரு. எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் அவருக்கு மேல. பெரியண்ணன் ரோட்டுல நடந்து போனா, கரண்டுக் கம்பியில உக்காந்திருக்க காக்கா எந்திரிச்சு வழி விடும். நான் நடந்து போனா கோழி வழி விடுமா? ஒரே ஐயா, ஒரே அம்மை, ஒரே பானைச் சோறு. பொறந்த அன்னைக்கு என்னைப் பாத்துட்டு எங்க ஐயா மருத்துவச்சிகிட்ட, 'மிச்சம் எப்பம் வரும்?'னு கேட்டாராம்."

"அந்த மிச்சம் இன்னும் வரலியே" என்றார் குருசுமுத்து.

"வராதுவே. அதுக்குக் காரணம் எங்க பூட்டன். அவரு என்னைவிடச் சின்ன ஆளு. மழை பெஞ்சா குடை எடுக்க மாட்டாரு. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் எடையில நடந்து நனையாம வீடு வந்துருவாரு. அந்தக் குள்ளம் எங்க தாத்தா உடம்புல ஒளிஞ்சு கிடந்திருக்கு, எங்க ஐயா உடம்புலயும் ஒளிஞ்சு கிடந்திருக்கு. ரெண்டு தலைமுறையா மூச்சு விடாம இருந்துட்டு, சரி பாப்போம்னு வெளியே எட்டிப் பாத்துச்சு. பாத்த எடத்துல நான் நிக்கேன்."

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம் என் ஆட்டுக்கும் வெள்ளையா ஒரு பூட்டன் இருந்திருக்கும்லா, அண்ணாச்சி?"

"இருந்திருக்கும் தங்கச்சி. ஆனா பொறப்பு மட்டும் காரணமில்லை. மண்ணும் உண்டு. ஒரு தடவை ஒரே கத்திரிக்காயில எடுத்த விதையைப் பாதி குளத்துக் கரம்பை மண்ணுல போட்டேன், பாதியைச் சரள் மேட்டுல போட்டேன். சரள் மேட்டுல காச்ச காயைத் தேடி எடுக்க எனக்குக் கண்ணாடி போடவேண்டியதாப் போச்சு. எறும்பு சீனின்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிட்டு. கரம்பையில காச்ச காய் இருக்கே, அதைப் பறிக்கலை, வெட்டிச் சாச்சோம். உள்ளே சதையைக் குடைஞ்சு எடுத்துட்டு, மழைக்குக் கன்னுக்குட்டியைக் கட்டினோம்."

"கன்னுக்குட்டி காயைத் திங்கலையாக்கும்?" என்று நான் கேட்டேன்.

"திங்கும்னுதான் பயந்தேன் தம்பி. காம்புல கட்டினதால வாய் எட்டலை" என்றார் சட்டென்று. "அப்பம்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மண்ணுதான் காரணம்னா நானும் வளரலாம்லா? அந்த மழைக்காலம் பூராம் கரம்பைச் சேத்துல முழங்கால் முட்ட நின்னேன். என் பெண்டாட்டி தினம் வந்து அண்ணாந்து பாப்பா. அப்புறம் அண்ணாந்து பாக்கதை விட்டுட்டுக் குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சா. உசரம் ஏறலை. சேத்துக்குள்ள இருந்தது என்னவோ அது மட்டும் வளந்துட்டு." காலைத் தூக்கிக் காட்டினார். ஆளுக்குப் பொருந்தாத பாதம்தான். "இப்பம் செருப்புக் கடைக்காரன் எனக்குச் செருப்பு தைக்கதில்லை. தோணி செய்யுத ஆசாரிகிட்டப் போகச் சொல்லுதான்."

குருசுமுத்து சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். மடியிலிருந்த குட்டி 'மே' என்று கத்தியது. எதிரே கறுப்பு ஆடு காதை நிமிர்த்தியது.

"சரி, பூட்டனும் இல்லை, மண்ணும் இல்லை, சும்மாவே மாறி வாரதும் உண்டு" என்று அண்ணாச்சி சேவலைத் தூக்கிக் காட்டினார். "இவன் பாட்டியைக் கேளுங்க. எங்க வீட்டுக் கோழி ஒண்ணு ஒரே அடையில பொரிச்ச குஞ்சுகள்ல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. ஒண்ணு கொண்டை வச்சிருந்துச்சு. ஒண்ணுக்கு இறகு பூராம் முன்பக்கமா வளஞ்சிருந்துச்சு. காத்தடிச்சா அது பின்னால போகும். கடைசியா பொரிச்சது கழுத்து மொட்டை, அதுதான் இவன் பாட்டி. அதைப் பாத்துட்டுத் தாய்க்கோழியே கூட்டை விட்டு எறங்கி, முட்டை ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. என் பெண்டாட்டி, 'உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே அடை காத்திருக்கு'ன்னு சொல்லிட்டா. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு."

"இவ்வளவு அழகா சொல்லுதீரே, அந்த மொட்டையால என்ன பிரயோசனம்?" என்றார் குருசுமுத்து.

"பிரயோசனமா? அந்த வருசம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துச்சு. பண்ணைக்கோழி எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம், ஒரே நடை. நோய் முதல் கோழியில ஏறிச்சு, கடைசிக் கோழியில எறங்கிச்சு. எங்க வீட்டுல கொண்டையும் போச்சு, வளஞ்ச இறகும் போச்சு. மொட்டைகிட்ட வந்த நோய் கழுத்தைப் பாத்துட்டு, ஏற்கெனவே யாரோ பாதி உரிச்சுட்டாங்கன்னு திரும்பிப் போயிட்டு! அந்த ஒத்தைக்கோழிதான் தப்பிச்சுது. இன்னைக்கு இந்தத் தாலுகாவுல யாரு முட்டை தின்னாலும் அவ வம்சம்தான். முட்டையை உடைக்கும்போது ஒரு கும்பிடு போட்டுட்டு உடைங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நெருங்கி வந்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அதற்குமேல் பெஞ்சு தாங்கவில்லை. எழுந்து பெஞ்சின் மேலேயே நின்றுகொண்டார். அப்போதும் அவர் தலை பக்கத்தில் நின்றவர்களின் தலைக்குக் கொஞ்சம்தான் மேலே வந்தது.

"கோழியை விடுங்க. ஒரு ஆடி மாசம் தென்காசிப் பக்கமிருந்து ஒரு காத்து வந்துச்சு. எங்க பெரியண்ணன் களத்துல நிக்காரு. வேட்டி விரிஞ்சுது. ஆளு அப்படியே மேல எழும்பிட்டாரு. காலைப் பிடிக்கப் போன சின்னண்ணனும் மேல போயிட்டாரு. ஊரே கத்துது. நான் மட்டும் தரையில அசையாம நிக்கேன். காத்து என் தலைக்கு மேலேயே போவுது. நான் ஒருத்தன் நிக்கதே அதுக்குத் தெரியலை. அவமானமாத்தான் இருந்துச்சு. ஆனா அவமானத்தைப் பாத்தா அண்ணன்மாரு என்ன ஆகுறது? கிணத்துக் கயித்தை எடுத்து வீசினேன். சின்னண்ணன் இடுப்புல சுத்திக்கிட்டு. இழுக்கேன், எறங்க மாட்டேங்காங்க. சரின்னு கயித்தைப் புளியமரத்துல கட்டிட்டோம். ஆடி முடியுத வரைக்கும் ரெண்டு பேரும் காத்தாடி மாதிரி மேலதான். பெரிய மதினி சோத்தைத் தூக்குச்சட்டியில போட்டுக் கயித்துல ஏத்தி விடுவா. கொஞ்ச நேரத்துல மேலேருந்து சத்தம் வரும், 'குழம்புல உப்பு இல்லை'ன்னு!"

குருசுமுத்து அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. "உப்பு இல்லையாமே!" என்று இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த இரண்டு கையும்தான் குட்டியைப் பிடித்திருந்த கை.

வெள்ளைக்குட்டி துள்ளிக் கீழே விழுந்தது. எழுந்தது. தள்ளாடிக்கொண்டு முதலில் புள்ளியாட்டுப் பக்கம் போனது. புள்ளியாடு தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டியது. குட்டி உருண்டு எழுந்து கத்தியது. கறுப்பு ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. குட்டியின் வால் பக்கம் மோந்து பார்த்தது. பிறகு காலை அகட்டி அசையாமல் நின்றது. குட்டி மடியைத் தேடிப் பிடித்து முட்டி முட்டிக் குடிக்க ஆரம்பித்தது. அதன் வால் விடாமல் நடுங்கியது.

தங்கபுஷ்பம் ஆட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவில்லை.

குருசுமுத்து தன் வெறும் மடியைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "வச்சுக்கிடு தாயி. நான் நிறத்தைத்தான் பாத்தேன். நேத்துலேருந்து புட்டிப்பால் குடுத்துப் பாத்தேன், தொடவே இல்லை. பசியோட கிடந்திருக்கு பாவம்" என்றார்.

சொரிமுத்து அண்ணாச்சி பெஞ்சிலிருந்து குதித்து இறங்கினார். வழக்கைத் தானே தீர்த்துவைத்த மாதிரி சேவலைத் தடவிக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தியளா? நான் சொன்னதுல ஒரு சொல்லு தப்பா? எங்க வம்சத்துலயே பொய் சொல்ல ஆள் கிடையாது. எங்க ஐயா வாயில ஒரு பொய் வந்ததில்லை. எங்க அம்மை விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. அண்ணன்மாரு ரெண்டு பேருக்கும் பொய்னா என்னன்னே தெரியாது."

தங்கபுஷ்பம் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்பம் நீங்க யாரு சாடையில பொறந்திய, அண்ணாச்சி?"