நிலத்தைப் புதைத்த ஊர்

புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குக் கொட்டாங்குளத்துக்காரர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்களாம். திரும்பி வந்தபோது வழித்த சட்டிதான் மிச்சம். அந்த ஊரில் ஒச்சம்மா என்று ஒருத்தி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவாள். அவளுக்கு இருந்ததெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளை, ஊர்க்கோடியில் ஒரு துண்டு நிலம், அதில் கதிர் பிடித்து நின்ற கம்பு. அது வீடு வந்து சேர்ந்தால்தான் அடுத்த மழைவரைக்கும் கூழ்.

ஒருநாள் உப்புக்காரர் பேயாண்டி மூட்டையை இறக்கும்போதே ஒரு சேதியையும் இறக்கினார். ராஜா நிலச் சட்டத்தை மாற்றுகிறாராம். ஆட்கள் வந்து நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

ஊர் கூடியது. ஊர்த்தலைவர் சடையாண்டி வெகுநேரம் யோசித்தார்.

"கள்ளன் வர்றான்னா நகையை என்ன செய்வோம்?"

"புதைப்போம்."

"அப்ப நிலத்தையும் புதைச்சிற வேண்டியதுதான்."

"எங்க மாமா புதைக்கிறது?" என்று கேட்டான் ஒச்சம்மாவின் புருஷன் மொக்கையன்.

"இதென்ன கேள்வி. அவனவன் நிலத்துலதான். அடுத்தவன் நிலத்துல புதைச்சா நாளைக்குத் தகராறு வரும்ல."

இந்த நியாயத்தை எல்லாரும் மெச்சினார்கள். ஆளுக்கொரு பள்ளம் தோண்டினார்கள். மேல்மண்ணை வெட்டி உள்ளே போட்டு, தோண்டிய மண்ணை மேலே பரப்பினார்கள். பார்த்தால் பழைய நிலம் மாதிரியே இருந்தது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

ஒச்சம்மா நிலம் மட்டும் பாக்கி. கம்பு முற்றவில்லை. அறுத்த பிறகு புதைத்துக்கொள்கிறேனே என்று வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கெஞ்சினாள். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன், அப்புறம் கம்போடு சேர்த்துப் புதைத்துவிடுவேன் என்றார் சடையாண்டி.

இந்தக் கூத்து ராஜா காதுக்குப் போனது. தண்டோராக்காரனை அனுப்பினார். "சட்டம் எதுவும் மாறவில்லை. அவரவர் நிலம் அவரவருக்கே. யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். இது ராஜா உத்தரவு."

ஒச்சம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சடையாண்டி கையை உயர்த்தினார்.

"யார் சொன்னாலும் நம்பக் கூடாதுன்னா இவன் சொன்னதையும் நம்பக் கூடாது."

"அப்ப நிலம் போயிருமா மாமா?"

"போயிரும்னு நான் சொன்னா அதையும் நீ நம்பக் கூடாது. உத்தரவுல்ல."

அன்றிலிருந்து ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. மொக்கையன் பசிக்கிறது என்றான். ஒச்சம்மா உலை வைக்கவில்லை. சடையாண்டியின் வேட்டியில் தீப்பிடித்ததை மூன்று பேர் ஓடிவந்து சொன்னார்கள். அவர் உத்தரவை மீறுகிற ஆளா? கடைசியில் முழங்கால் சுட்டுச் சொன்ன பிறகுதான் குளத்தில் குதித்தார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சடையாண்டி மண்வெட்டியோடு கம்புக்குள் இறங்கப்போன நேரம் ராஜாவே வந்து சேர்ந்தார்.

"நான் ராஜா சொல்றேன். ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க மாட்டேன்."

சடையாண்டி மண்வெட்டியைத் தூக்கினார். ஒச்சம்மா கம்பைப் பார்த்தாள், மண்வெட்டியைப் பார்த்தாள், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா நம்பினா உத்தரவை மீறின மாதிரி ஆயிரும். ராஜாவுக்குத் தெரிஞ்சா கோவிப்பாரு."

"நான்தாம்மா ராஜா."

"அப்படித்தான் சொல்றீங்க."

பிறகு யார் சொன்னால்தான் நம்புவாய் என்று ராஜாவோடு வந்த மந்திரி கேட்டார்.

"உப்புக்கார அண்ணன் சொன்னா நம்பலாம். உத்தரவு வர்றதுக்கு முந்தியே அவரை நம்பிட்டோம்ல."

உப்புக்காரரைத் தேடிப் பிடித்து வர இரண்டு நாளானது. அதுவரை ராஜா புளியமரத்தடியில் கிடந்தார். சடையாண்டி தூக்கிய மண்வெட்டியை இறக்கவேயில்லை. கம்பு நன்றாக முற்றிவிட்டது.

பேயாண்டி வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "வெளிய சொல்லிராதீங்க, சட்டம் மாறலையாம்" என்று கிசுகிசுத்தார். ஊரே ஒரே மூச்சில் நம்பியது.

ஒச்சம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்கே கம்பு வீடு வந்து சேர்ந்தது. மற்றவர்கள் புதைத்த நிலத்தை வெளியே எடுத்தார்கள். எல்லாம் எடுத்து முடித்துப் பார்த்தால், ஒவ்வொரு நிலத்திலும் ஒரு பள்ளம்.

"இந்த இடத்துல இருந்த நிலம் எங்க?" என்றார் சடையாண்டி.

ராஜாவின் ஆட்கள் எடுத்திருப்பார்கள், பள்ளத்தளவோடு விட்டார்களே, புண்ணியவான்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒச்சம்மாவுக்குத் திக்கென்றது. அவள் நிலத்தில் மட்டும் பள்ளமே இல்லை. எடுக்க மறந்துவிட்டார்கள். ஞாபகம் வந்து அடுத்த விதைப்பில் வந்து நின்றால் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அவளே ஒரு பள்ளம் தோண்டினாள். மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு, கிளம்பப்போன ராஜாவின் குதிரையை மறித்தாள்.

"எங்க பங்கை மறந்துட்டீங்க சாமி."

வேண்டாம் என்று சொல்லத்தான் ராஜா வாயைத் திறந்தார். ஊரை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு பிடிகூட எடுக்க மாட்டேன்னாரே மாமா" என்றான் மொக்கையன்.

சடையாண்டி மண்வெட்டியைத் துடைத்தார். "அதான் நம்பாதீங்கன்னு அவரே ஆள்விட்டுச் சொன்னாருல்ல."