சடைச்சி பல்லைக் காட்டினாள்

நாவல் காட்டுக் குரங்குக் கூட்டம் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் புறப்படும் நாள் வந்துவிட்டது. சடைச்சி என்ற மந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளிடம் நான்கு குட்டிகள் இருந்தன. ஒன்றும் அவள் பெற்றதில்லை. மலைப்பாதையில் வண்டி மோதியும், மின்கம்பியில் சிக்கியும் தாயை இழந்த குட்டிகளைத் தேடித் தேடித் தூக்கி வந்து, ஓர் அத்திமரத்தில் வைத்து வளர்த்தாள். அவர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

கூட்டத் தலைவன் கட்டையன் கறாரான கடுவன். "தானா இரை தேடத் தெரியணும். சிறுத்தைன்னு குரல் கேட்டா அடுத்த நொடியே மரத்து உச்சியில, அது ஏற முடியாத மெல்லிய கிளையில இருக்கணும். ஏறாத குட்டியை நான் சேர்த்துக்க மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. தரையில் நிற்கும் ஒரு குட்டியைக் காப்பாற்றப் போய் நாலு உயிர் போகுமே!

அதற்காகவே மலை அணில் சிவப்பி தினமும் நினைத்த நேரத்தில் "சிறுத்தை! சிறுத்தை!" என்று பொய்யாகக் கத்துவாள். மூன்று குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு மேலே ஏறும். நான்காவது கடுகு. பேருக்கேற்ற பொடியன். அவன் மட்டும் நேராக ஓடி வந்து சடைச்சியின் வயிற்றைக் கட்டிக்கொள்வான். அவளும் உச்சி குளிர்ந்துபோய் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

"அக்கா, நான் தொண்டை கிழியக் கத்துறது அவன் ஏறுறதுக்கு. நீ தூக்குறதுக்கா?"

"சின்னப் பிள்ளைடீ. நாளைக்கு ஏறிடுவான்."

"போன அமாவாசையில இருந்து இதையேதான் சொல்றே!"

சடைச்சி காதில் வாங்கவில்லை. அந்தப் பிஞ்சுக் கைகள் கட்டிக்கொள்ளும் சுகத்தை விட அவளுக்கு மனமில்லை. அதுதான் அவள் செய்த தவறு.

அன்று காலை ஆற்றங்கரை மருத மரங்களில் கூட்டம் முழுவதும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அந்த மரங்களின் அடியில் குட்டிகள் கல்லைப் புரட்டிப் பூச்சி பிடித்தன. கடுகு தானாகவே ஒரு கொழுத்த வண்டைப் பிடித்து வாயில் போட்டான். நடுவே கிடந்த வெட்டவெளித் திடலுக்கு இந்தப் பக்கம் நின்ற சடைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது மயில் அலறியது. சடைச்சி சிவப்பியைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பி வாய் நிறைய நாவல்பழத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். இது பயிற்சி இல்லை!

புல் விலகியது. நிஜச் சிறுத்தை! மூன்று குட்டிகள் உச்சிக்குப் போய்விட்டன. கடுகின் முதுகுக்குப் பின்னாலேயே மரம் இருந்தது. அவனோ அதை விட்டுவிட்டு, வழக்கம்போல அம்மாவைத் தேடித் திறந்த திடலில் ஓடி வரத் தொடங்கினான்.

சடைச்சியின் கைகள் தாமாக நீண்டன. ஓடிப்போய்த் தூக்கினால் இரண்டு பேருமே இரை. வேறு வழியில்லை. நீட்டிய கைகளால் தரையை ஓங்கி அறைந்தாள். ஈறு தெரியப் பல்லைக் காட்டிச் சீறினாள்.

"கிட்ட வராதே! வந்தா கடிச்சுடுவேன்! ஏறுடா!"

அப்படியொரு முகத்தை அவன் பார்த்ததே இல்லை. வெலவெலத்துத் திரும்பினான். பாய்ந்தான், பட்டையைப் பற்றினான், ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான்! சிறுத்தையின் நகம் வெறும் பட்டையைத்தான் கீறியது. சடைச்சியும் தன் பக்கத்து மரத்தில் தாவி ஏறிவிட்டாள்.

சிறுத்தை ஏமாந்து போனதும் கட்டையன் மெல்ல நகர்ந்து கிளையில் இடம் விட்டான். ஒரு மந்தி கடுகை மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்க்கத் தொடங்கியது. அவன் கூட்டத்துப் பிள்ளை ஆகிவிட்டான்.

"அழறியா அக்கா?" என்றாள் சிவப்பி.

"ஆமா. சந்தோஷமும் இருக்கு, வலிக்கவும் செய்யுது."

கூட்டம் ஆற்றின் மேல் கவிந்திருந்த கிளைகளில் கிளைக்குக் கிளை தாவி அக்கரை சேர்ந்தது. மற்ற மூன்று குட்டிகளோடு கடுகும் யார் கையையும் பிடிக்காமல் தாவினான். சடைச்சி போகவில்லை. இக்கரையில் இன்னொரு குட்டி தாயில்லாமல் கதறினால் தூக்க ஆள் வேண்டுமே!

பிள்ளையைக் காலமெல்லாம் தூக்கிச் சுமப்பது பாசமல்ல. தானே ஏறிப் பிழைக்கும்படி அதை விலக்கிவிடும் துணிவே உண்மையான பாசம்.