படகில்லாத கரை

ஆற்றின் நடுவே, மூடுபனிக்குள் ஒரு தீவு இருந்தது. வீட்டில் அடங்காத பிள்ளைகளை அங்கே பெருந்தேவி அம்மையிடம் கொண்டுவந்து விடுவார்கள். மனம் தெளிந்ததும் அவர்களைப் படகில் அழைத்துப்போய் வீட்டில் விட்டுவருவது சாத்தையனின் வேலை. அம்மையிடம் பயின்றே தலை நரைத்துப்போன சீடன் அவன்.

மருதியை மட்டும் இரண்டு முறை விட்டுவிட்டு, இரண்டு முறையும் திரும்பக் கூட்டிவர வேண்டியதாயிற்று. பதினேழு வயதுப் பெண். தீவில் கன்றுக்குட்டிகள் அவள் பின்னாலேயே திரியும். வீட்டுக்குப் போனாலோ, கையில் கிடைத்ததை வீசினாள்.

"இங்கே நல்லாத்தானே இருக்கா, அம்மா? அங்கே போனதும் கத்துக்கிட்டதெல்லாம் எங்கே போயிடுது?" என்று கேட்டான் சாத்தையன்.

மறுநாள் அம்மை தானே துடுப்பெடுத்து இருவரையும் அக்கரையில் இறக்கினார்.

"நீயும் அந்த வீட்டிலேயே இரு," என்றார் சாத்தையனிடம்.

"நான் என்ன செய்யணும்?"

"இரு."

படகு பனிக்குள் கரைந்தது.

மருதியின் தகப்பன் கூத்தன், தச்சன். தேவையில்லாமல் சிரித்துக்கொண்டே பேசினான். தாய் ஓசைப்படாமல் நடந்தாள். யாரோ தூங்குகிற வீடு போல எல்லாக் குரல்களும் தணிந்திருந்தன. சாத்தையனுக்குத் தண்ணீருக்கு அடியில் வாழ்வது போலிருந்தது.

ஒரு மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கூத்தனுக்கு வெண்கலத் தட்டு. சாத்தையனுக்கு வாழை இலை. மருதிக்கும் இலை.

"அவர் விருந்தாளி. எனக்கு எதுக்கு இலை?" என்றாள் மருதி.

தாய் குனிந்து குழம்பை ஊற்றினாள். தட்டைக் கொடுத்தால் வீசிவிடுவாள் என்று பயந்துதான் தினமும் இலை போட்டிருக்கிறாள். சாத்தையனுக்கு அப்போதுதான் உறைத்தது. மருதிக்கும் உறைத்திருக்க வேண்டும். தகப்பனின் தட்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். சோறு முற்றமெங்கும் சிதறியது.

"நான் இவளைக் கூட்டிட்டுப் போயிடறேன்." சாத்தையன் வாயில் வந்துவிட்டது.

மருதி அவனைப் பார்த்தாள். "தெரியும்," என்றாள். துணிமூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். மூவரும் பின்னால் ஓடினார்கள்.

கரையில் படகில்லை. கூத்தன் தீவைப் பார்த்துக் கூவினான். பனி அந்தக் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. நீரும் வானமும் ஒன்றாய் வெளுத்துக் கிடந்தன. போக இடமில்லாமல் நால்வரும் மணலில் உட்கார்ந்தார்கள்.

"பயமா இருக்கு, மருதி," என்றான் கூத்தன், ஆற்றைப் பார்த்தபடியே. "நீ வந்த அன்னிலேர்ந்தே பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

"உனக்கென்ன பயம்?"

"எப்போ திருப்பி அனுப்புவீங்களோன்னு."

தாய் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

"நீ வீசினா நான் கத்துவேன். நல்லாக் கத்துவேன். அனுப்ப மாட்டேன். எந்திரி, உலை வைக்கணும்."

மருதியின் பழைய தட்டு பரணிலிருந்து இறங்கியது. அதன் விளிம்பு என்றோ நெளிந்திருந்தது. சோற்றை வாயில் வைத்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"ஒரே உப்பு."

"நாளைக்கு நீயே ஆக்கு!" என்று தாய் சீறினாள்.

அந்த வீட்டில் அவ்வளவு உரத்த குரலைச் சாத்தையன் அதுவரை கேட்டதில்லை. கூத்தன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். இந்தமுறை நிஜமாகவே.

மழைக்காலத்துக்கு முன்னால் அம்மை படகோடு வந்தார். சாத்தையன் மட்டும் ஏறிக்கொண்டான். கரை மங்கும்வரை பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்குப் படகு இருந்திருந்தா கூட்டிட்டே வந்திருப்பேன், அம்மா."

அம்மை துடுப்பு வலித்தார்.

"மறுபடியும் வீசுவாளா?"

"வீசுவா."

"அவங்க எனக்கு ஆள் அனுப்பினா?"

"போ."

"போய்?"

"சாப்பிட்டுட்டு, நீ மட்டும் வா."