தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு பலகை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லும் ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தது. இரண்டு கம்பம், கம்பத்துக்கொரு மூங்கில் கூடை. பந்து உள்ளே விழுந்தால் ஒருவன் ஏணி போட்டு ஏறி எடுத்துத் தர வேண்டும். கூடைக்கு அடியில் ஓட்டை போடலாமே என்று அரண்மனையில் சம்பளம் வாங்கிய நூறு அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எட்டு ஊர்ப் பிள்ளைகளும் வந்து ஆடட்டும். ஜெயிக்கிற அணி தன் ஊருக்கு எது கேட்டாலும் தருவேன். தோற்ற அணி தெற்கு வாசல் வழியாக மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும்" என்று ராஜா முரசறையச் சொன்னார். முரசறைந்த சொல்லை ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது என்பது அந்நாட்டு வழக்கம்.

யார் யாரோடு மோதுவது என்று பலகையில் எழுதும் வேலை தளவாய் கோளரியாருக்கு வந்தது. வந்தது என்ன, கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டுப் பெயர்களை இரண்டிரண்டாகக் கோடு போட்டு இணைத்தார். ஜெயித்தவர்கள் அடுத்த கோட்டுக்குப் போவார்கள். எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, கடைசியில் ஒன்று நிற்கும். பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எட்டில் ஒன்றான கோட்டை அணியின் தலைவன் தளவாயின் அக்காள் மகன். கோட்டை யானைக்கு வெள்ளி அம்பாரி கேட்பதென்று மாமனும் மருமகனும் முடிவு செய்துவிட்டது அங்கே துணி வெளுப்பவர் வரைக்கும் தெரியும்.

தளவாய் பயந்தது உப்பளத்து அணிக்கு மட்டும்தான். மூட்டை தூக்கிப் பழகிய கைகள். மூன்று நாள் நடந்து அவர்கள் வந்து சேரும் அன்று, விடிந்ததும் முதல் ஆட்டம் அவர்களுக்கும் கோட்டைக்கும் என்று எழுதிவிட்டார். பிள்ளைகளுக்குக் கால் கழுவக்கூட நேரமில்லை. பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றுத் தெற்கு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

அரண்மனை விகடன் சாத்தன் அந்தப் பக்கம் போனான். அவன் போகாத பக்கம் எது?

"என்ன கேக்கலாம்னு வந்தீங்க?" என்றான்.

அணித் தலைவி வலம்புரி மூக்கை உறிஞ்சினாள். "எங்க ஊர்ல எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணிதாங்க ஐயா. ஆத்துலேருந்து ஒரு வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லலாம்னு வந்தோம்."

"முதல்ல போய்த் தூங்குங்க" என்று மட்டும் சொன்னான் சாத்தன்.

மேல்மாடத்திலிருந்து ராஜாவும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். சபை கூடியதும் ஆரம்பித்துவிட்டார். "மூன்று நாள் நடந்து வந்தவர்கள் அரை நாழிகை ஆடிவிட்டுத் திரும்புவதா? ஒரே தோல்வியில் எந்த அணியும் ஊருக்குப் போகக் கூடாது. முரசு சொன்னதும் மாறக் கூடாது. யார் செய்வீர்கள்?"

எல்லோரும் அவரவர் பாதத்தை ஆராய்ந்தார்கள். தளவாய் மட்டும் புன்னகைத்தார். "இது சாத்தனாருக்குக் கைவந்த கலை, மன்னா. முடியாவிட்டால் அவரும் அதே தெற்கு வாசல் வழியாக நாட்டை விட்டுப் போகட்டும்."

"உத்தரவு, மன்னா. ஒரு பலகை, இரண்டு கூடை, ஓர் ஏணி தேவை" என்றான் சாத்தன்.

மதியத்துக்குள் தெற்கு வாசலுக்கு வெளியே புதிதாக இரண்டு கம்பங்கள் நின்றன. பக்கத்தில் இரண்டாவது பலகை. உள்ளே தோற்றவர்கள் இங்கே வந்து தங்களுக்குள் ஆட வேண்டும். இங்கேயும் தோற்றால்தான் ஊருக்குப் பயணம். இங்கே கடைசி வரை நின்ற அணி, உள்ளே ஜெயித்த அணியோடு மோத வேண்டும்.

தளவாய் கொதித்தார். "முரசை மீறிவிட்டார், மன்னா."

"தோற்றவர்கள் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது முரசு. வெளியேறிவிட்டார்கள். வடக்கு வாசல் வழியாகத் திரும்பி வரக் கூடாது என்று முரசு சொன்னதாக எனக்கு நினைவில்லை. தளவாயாருக்கு உண்டா?" என்றான் சாத்தன்.

ராஜா மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "ஆடட்டும்" என்றார்.

தூங்கி எழுந்த உப்பளத்துப் பிள்ளைகள் வெளிப் பலகையில் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாம் நாள் வடக்கு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். உள்ளே ஒருமுறைகூடத் தோற்காமல் கோட்டை அணி காத்திருந்தது. ஒன்பதுக்கு ஏழு. ஜெயித்தது உப்பளம்.

ஊரே எழுந்து கூவியது. அந்தக் கூச்சலிலும் தளவாய் ராஜாவிடம் ஓடினார்.

"மன்னா, கோட்டை அணி இதுவரை தோற்றது ஒரே ஒரு முறை. ஒரே தோல்வியில் எந்த அணியும் போகக் கூடாது என்று தாங்களே அருளினீர்கள். பிள்ளைகளுக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதுதான் தர்மம்."

சபையில் யாரோ இருமினார்கள். சாத்தன் கைகட்டி முன்னே வந்தான். "தளவாயார் சொல்வது முழுக்க நியாயம், மன்னா. அதற்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்." பலகையின் ஓரத்தில் உண்மையிலேயே ஒரு கோடு காத்திருந்தது. "ஒரே ஒரு விண்ணப்பம். இப்போது தளவாயார் உரைத்த தர்மத்தை அப்படியே முரசறைந்துவிடுங்கள். பிறகு யாரும் மாற்ற முடியாது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. முரசு முழங்கியது. கோட்டை அணி மறுபடி ஆடியது, நன்றாகவே ஆடியது. கடைசிப் பந்தை வலம்புரி போட்டாள். அதை எடுத்துத் தர ஏணியில் ஏறியவன் தளவாயின் மருமகன். தோற்றது அவன்தான்; முகத்தில் மாமனைவிடக் களை இருந்தது. மறுநாளே உப்பளத்துக்கு வாய்க்கால் அளக்க ஆட்கள் கிளம்பினார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், சாத்தா?"

"ஒரு கத்தி, மன்னா."

ராஜா ரத்தினப் பிடி போட்ட தன் கத்தியையே கொடுத்தார். சாத்தன் ஏணியில் ஏறிக் கூடைக்கு அடியில் ஓட்டை போட்டான்.