தூளி கட்டிய அறை

“கேட்காததைச் சொல்லாம விட்டா, அது பொய்யாங்கம்மா?”

செருப்பைக் கழற்றும் முன்பே வெள்ளியங்கிரி கேட்டுவிட்டார்.

நல்லம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு, எதைக் கேட்கலை?”

வெள்ளியங்கிரிக்குத் தலை பூராவும் நரை. குரு நல்லம்மாவுக்கோ அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வருஷக்கணக்காக அமாவாசை தவறாமல் இந்தக் கொட்டகைக்கு வந்து, கைகட்டி உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். இன்றைக்கு அமாவாசையும் இல்லை, அவர் உட்காரவும் இல்லை.

“வீட்டை விக்கறேங்க. மத்தியானம் பார்க்க வர்றாங்க. நீங்க வந்து ஒரு விளக்கு ஏத்தி வச்சா நல்லபடியா முடிஞ்சிரும்.”

“போன வருஷம் வாங்கினீங்களே, அந்த வீடா?”

“அதேதாங்க.”

“அதுக்குள்ள என்ன?”

வெள்ளியங்கிரி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“கிழக்கு ரூமுக்குக் கீழ பழைய கிணறுங்க. குப்பையைக் கொட்டி மூடிட்டு, அதுமேலயே அஸ்திவாரம் போட்டிருக்காங்க. மண்ணு இறங்குது. மழை பெஞ்சா சுவரு முனகுது.”

“வித்தவரு சொல்லலையா?”

“வாயே திறக்கலைங்க. பழைய வீட்டுக்குப் புதுசா டைல்ஸ் போட்டு, பெயிண்ட் அடிச்சு, கல்யாணப் பொண்ணாட்டம் நிறுத்தி வச்சிருந்தாரு.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேனுங்களே. பஸ் ஸ்டாப்பு பக்கமா, தண்ணி உப்பா, இந்த டைல்ஸ் எந்தக் கடையில எடுத்தீங்க, எல்லாம் கேட்டேன்.”

நல்லம்மா சிரித்துவிட்டார். வேறு ஆள் வீடாக இருந்தால் வெள்ளியங்கிரியும் சேர்ந்து சிரித்திருப்பார்.

“வெள்ளாமைக் காட்டை வித்து வாங்கின வீடும்மா. இதைச் சொல்லி வித்தா எவன் வாங்குவான்? நானும் பொன்னாத்தாளும் இந்த வயசுல எங்க போய் நிக்கறது? நான் ஒரு பொய்யும் சொல்லப் போறதில்லைங்க. விரிசல்ல பட்டி வச்சுப் பூசியிருக்கேன், அவ்வளவுதான். கேட்டாங்கன்னா சொல்லிருவேன்.”

“இஞ்சினியர் யாரையும் கூட்டிட்டு வந்து காட்டினீங்களா?”

“காட்டினேன். அந்த ரூம்ல மட்டும் யாரும் புழங்காதீங்க, தளம் எப்ப இறங்கும்னு சொல்ல முடியாதுன்னாரு. நாங்க ஹால்லதான் படுத்துக்கறோம்.”

நல்லம்மா முறத்தை நகர்த்தி வைத்தார். எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

“வாங்க, போலாம்.”

வெள்ளியங்கிரிக்கு மூச்சு வந்தது. குருவே கிளம்பிவிட்டார். இதற்கு மேல் ஒரு சம்மதம் வேண்டுமா என்ன?



வாங்க வந்தவன் பெயர் தயாளன். பெண்டாட்டி சுகந்தி. அவள் இடுப்பில் ஒரு பையன், பல் முளைக்கும் கோபத்தில் உலகத்தையே திட்டிக்கொண்டு வந்தான்.

சுகந்திக்கு வீடு பிடித்துப் போனது. அடுப்படி மேடையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“எங்க மாமியார் வீட்டுல திரும்பினா இடிக்குங்க. இங்க இவன் பாட்டுக்குத் தவழலாம்.”

பையன் வீறிட்டான்.

“தூக்கத்துக்கு அழறான். இந்தத் துரைக்குத் தூளியில போட்டாத்தான் கண்ணு சொருகும். அதுக்காக எங்க போனாலும் இந்தச் சேலையையும் சுமந்துட்டே திரியறேன்.”

பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை உருவினாள். நல்லம்மா கையை நீட்டினார்.

“குடு கண்ணு. கிழக்கு ரூம்ல கொக்கி இருக்குது, நான் போட்டு ஆட்டறேன். நீங்க பேசிட்டு இருங்க.”

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நல்லம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போனார். சேலையைக் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டார், இழுத்துப் பார்த்தார், பையனைக் கிடத்தினார். பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினார்.

கிறீச்.

ஹாலில் தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“குழாயில தண்ணி எப்பங்க வரும்?”

“வடக்க.”

“வடக்கயா?”

“காலையில. காலையிலதான் வரும் தம்பி.”

கிறீச்.

“பத்திரமெல்லாம் சுத்தமா இருக்குங்களா?”

“இருக்கு.”

அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதே அவருக்கு முதுகு வேர்த்தது.

கிறீச்.

அடுப்படி நிலையில் பொன்னாத்தாள் காப்பித் தட்டோடு நின்றாள். அவள் வந்தவர்களைப் பார்க்கவில்லை. அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். டைல்ஸ் பளபளவென்று இருந்தது.

தயாளன் பெண்டாட்டியிடம் திரும்பினான்.

“நீ ஏதாச்சும் கேட்கணுமா?”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. எப்பக் குடி வரலாம்னு மட்டும் கேளுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்தான். அதன்மேல் முன்பணத்தை வைத்தான்.

“பிடிங்கய்யா. கேட்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லை.”

எந்த வார்த்தைக்காக வெள்ளியங்கிரி காலையிலிருந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாரோ, அதே வார்த்தை.

இரண்டு கையையும் நீட்டினார். தாம்பாளத்தின் விளிம்பு விரலில் பட்டது.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

பையன் தூங்கிவிட்டான் போல. தூளி ஆடவில்லை. கொக்கி பேசவில்லை. வீடே காதைத் தீட்டிக்கொண்டு எதற்கோ காத்திருப்பது மாதிரி இருந்தது.

தாம்பாளம் எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. எப்படி ஓடினார் என்றும் தெரியாது. வாசலில் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தபோதுதான், பையன் தன் தோளில் கிடந்து கத்துவது உறைத்தது.

சுகந்தி பின்னாலேயே ஓடிவந்தாள்.

“என்னங்க இது, இப்பத்தானே கண்ணசந்தான். எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

அவர் அவளைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளே பார்த்தார்.

“அம்மா, நீங்களும் வெளிய வந்துருங்க.”

நல்லம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. காலித் தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டார்.

“வாங்கம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்.”

அவர் எழுந்தார். சேலையை அவிழ்த்து, நிதானமாக மடித்து, வெளியே வந்து சுகந்தியின் கையில் கொடுத்தார்.

சிதறிக் கிடந்த பணத்தைப் பொன்னாத்தாள் குனிந்து பொறுக்கினாள். அதைத் தயாளனிடமே நீட்டினாள். அவன் பணத்தையும் பார்த்தான், வெள்ளியங்கிரியையும் பார்த்தான்.

“ஏனுங்க, அந்த ரூம்ல என்ன?”

வெள்ளியங்கிரி பையனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“கீழ கிணறு இருக்கு தம்பி.”